கைப்பிள்ளையோடு தைப்பிங்

பள்ளி விடுமுறை முடிந்த முதல் வாரத்தில் எந்தத் தமிழ்ப்பள்ளிக்குள் நுழைந்தாலும் வகுப்பறைப் பலகையில் ஒரு தலைப்பைப் பார்க்கலாம்: "நான் சென்ற சுற்றுலா." பதினைந்து பேர் படிக்கும் வகுப்பில் பன்னிரண்டு பேர் கேமரன் மலைக்குப் போய் வந்திருப்பார்கள். பன்னிரண்டு பேரும் குளிரில் நடுங்கியிருப்பார்கள். பன்னிரண்டு பேரும் ஸ்ட்ராபெரிப் பழம் பறித்திருப்பார்கள். மாதிரிக் கட்டுரைப் புத்தகத்தில் உள்ள பயணம் அதுதான். பிள்ளைகளைக் குறை சொல்வதற்கில்லை. தோட்டத்தையும், பட்டணத்தில் பள்ளிச் சீருடை வாங்கும் கடையையும் தவிர வேறொன்றும் பார்த்திராத பிள்ளை வேறு எதை எழுதும்?

பெற்றோரைக் கேட்டால் காசு ஒரு காரணம் என்பார்கள். லீவு கிடைக்காதது இன்னொரு காரணம். இவ்விரண்டையும்விடப் பெரிய காரணத்தைத் தாய்மார்கள் சொல்வார்கள்: "கைப்பிள்ளைய வச்சிக்கிட்டு எங்க போறது டீச்சர்? இது கொஞ்சம் வளரட்டும்." கைப்பிள்ளை வளர்வதற்குள் அடுத்தது பிறந்துவிடும். அதுவும் நிமிர்ந்து நடக்கத் தொடங்கும்போது மூத்தது இடைநிலைப்பள்ளிக்குப் போய், அப்பா அம்மாவோடு வெளியே வரக் கூச்சப்படும் வயதை எட்டிவிடும். இப்படியே ஒரு குடும்பம் ஒன்றாகச் சேர்ந்து எங்கும் போகாமலே பிள்ளைகள் வளர்ந்துவிடுகிறார்கள்.

கைப்பிள்ளை வளரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அதையும் தூக்கிக்கொண்டு ஒரே நாளில் போய்வரக்கூடிய ஊர்கள் நமக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. பேரா மாநிலத்தில் இருப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது தைப்பிங்கைத்தான். என் வீட்டுக்கு மூன்று வீடு தள்ளி இருக்கும் குடும்பம் ஒன்று அழைத்ததால், அவர்களோடு நானும் அங்குப் போய் வந்தேன். கணவர் செம்பனைக் குலை வெட்டுபவர். மனைவி உதிரிப்பழம் பொறுக்குபவர். மூன்று பிள்ளைகள்: மூத்தவள் மூன்றாம் ஆண்டில் என் மாணவி, அடுத்தவன் நான்கு வயதுப் பையன், கடைக்குட்டிக்கு ஒன்றரை வயது.

ரயிலும் குகையும்

புறப்படுவதற்கு முந்திய இரவு அந்தத் தாய் தூங்கினார் என்று சொல்ல முடியாது. விடியற்காலை மூன்று மணிக்கே அவர் வீட்டு அடுப்படியில் விளக்கு எரிந்தது. புளிச்சோறு, நெத்திலி சம்பல், அவித்த முட்டை, பிளாஸ்கில் வெந்நீர், மைலோ, பால் புட்டி, மாற்றுத் துணி மூன்று செட்டு, கோடாலித் தைலம், வாந்தி வந்தால் பிடிக்கப் பிளாஸ்டிக் பை. இரண்டு பெரிய பைகள் நிறைந்துவிட்டன. கணவர் காற்சட்டைப் பையில் பணப்பையையும் ஒரு துண்டுத் தாளையும் வைத்துக்கொண்டு தயாராக நின்றார். தாளில் ஐந்து இடங்களின் பெயர்கள் இருந்தன: ஏரிப் பூங்கா, மிருகக்காட்சி சாலை, அரும்பொருளகம், புக்கிட் லாருட் மலை, கோலா செபெத்தாங்.

கோலகங்சாரில் ரயில் ஏறினோம். பள்ளி விடுமுறை நாட்களில் இந்த மின்சார ரயிலுக்கு டிக்கெட் விரைவில் தீர்ந்துவிடும். முன்கூட்டியே எடுத்துவிட வேண்டும். தைப்பிங்குக்கு ஏறக்குறைய அரை மணி நேரப் பயணந்தான். ஆனால் அந்த அரை மணி நேரத்தில் பிள்ளைகளுக்கு ஒரு விருந்து இருக்கிறது. பாடாங் ரெங்காஸைத் தாண்டியதும் ரயில் புக்கிட் பெராப்பிட் மலைக்குள் புகுந்துவிடுகிறது. 3 கிலோமீட்டருக்கும் அதிக நீளமுள்ள குகை அது. சன்னலில் சட்டென்று இருட்டுக் கவிந்ததும் பையன் தகப்பனாரின் கையை இறுகப் பிடித்துக்கொண்டான். வெளிச்சம் வந்ததும், "இன்னொரு தடவை போகச் சொல்லுங்கப்பா" என்றான். வண்டியில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள்.

பூங்காவான ஈயச் சுரங்கம்

நிலையத்திலிருந்து ஏரிப் பூங்காவுக்கு வாடகை வண்டியில் சிறிது நேரத்தில் போய்விடலாம். உள்ளே போகக் கட்டணம் கிடையாது. எத்தனை பிள்ளைகள் என்று எண்ணிப் பார்த்துக் கலங்க வேண்டியதில்லை என்பதே தாய் தகப்பனுக்குப் பெரிய ஆறுதல்.

இன்று பச்சைப் பசேலென்று கிடக்கும் இந்த இடம் ஒரு காலத்தில் ஈயம் தோண்டிவிட்டுக் கைவிடப்பட்ட குழிகளாக இருந்தது. 1840-களில் லாருட் வட்டாரத்தில் ஈயம் கண்டுபிடிக்கப்பட்டது. அதைப்பற்றி ஒரு கதை சொல்வார்கள். லோங் ஜாபார் என்பவரின் யானை காட்டில் தொலைந்துபோய்ச் சில நாட்கள் கழித்துத் திரும்பியதாம். அதன் காலில் ஒட்டியிருந்த சேற்றில் ஈயமணல் மின்னியதாம். யானையின் பெயர் லாருட். அதுவே ஊர்ப்பெயர் ஆயிற்றாம். இந்தக் கதையை நான் பிள்ளைகளுக்குச் சொன்னபோது, பையன் குனிந்து தன் சப்பாத்தின் அடியைப் பார்த்துக்கொண்டான்.

ஈயத்தைத் தேடிச் சீனத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் வந்தார்கள். கீ ஹின், ஹை சான் என்னும் இரண்டு கூட்டத்தார் 1861-லிருந்து பல ஆண்டுகள் ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டார்கள். 1874-இல் பங்கோர் உடன்படிக்கைக்குப் பிறகு சண்டை ஓய்ந்தது. "தைப்பிங்" என்றால் சீனத்தில் பேரமைதி என்று பொருள். சண்டை ஓய்ந்த இடத்துக்கு அமைதி என்றே பெயர் வைத்தார்கள். பின்னர் கர்னல் வாக்கர் என்னும் ஆங்கில அதிகாரியின் எண்ணப்படி 1880-களில் குழிகளில் தேங்கிய நீர் ஏரிகளாகி, சுற்றிலும் மரம் நடப்பட்டது. மலாயாவில் பொதுமக்களுக்கென அமைந்த முதல் பூங்கா இதுதான்.

ஏரிக்கரை ஓரமாக நிற்கும் பெரிய மரங்களே இந்த ஊரின் அழகு. 140 ஆண்டுகளுக்கும் மேற்பட்ட மரங்கள் அவை. கிளைகள் சாலையைத் தாண்டி நீண்டு ஏரித் தண்ணீரைத் தொடுகின்றன. மழை மரம் என்கிறார்கள். நம் ஊர்ப் பெரியவர்கள் இதைத் தூங்குமூஞ்சி மரம் என்பார்கள். மலாய்க்காரர்கள் "புக்குல் லீமா", அதாவது ஐந்து மணி மரம் என்கிறார்கள். சாயங்காலம் ஆனதும் இலைகளை மூடிக்கொள்ளும் மரம் என்பதால் இரண்டு மொழியிலும் இப்படிப் பெயர் வந்தது. "டீச்சர், மரத்துக்குக் கூட தூங்குற நேரம் இருக்கா?" என்று என் மாணவி கேட்டாள். அறிவியல் பாடத்தில் படத்தைக் காட்டி நான் எத்தனை முறை சொன்னாலும் அவளுக்கு அந்தக் கேள்வி வந்திருக்காது.

எறும்பு பார்த்த அரை மணி நேரம்

தகப்பனார் தம் தாளை எடுத்துப் பார்த்தார். ஒன்பது மணிக்கு ஏரி, பத்து மணிக்கு மிருகக்காட்சி சாலை, பன்னிரண்டுக்கு அரும்பொருளகம் என்பது அவர் கணக்கு. பையனுக்கு அந்தக் கணக்குத் தெரியாது. அவன் ஒரு மரத்தின் வேர்மேல் குந்திக்கொண்டு, செத்த வண்டு ஒன்றை எறும்புகள் இழுத்துப் போவதைப் பார்க்கத் தொடங்கினான். ஐந்து நிமிடம் ஆயிற்று. பத்து நிமிடம் ஆயிற்று. எழுந்திருக்கும் எண்ணமே இல்லை.

"இவ்வளவு காசு செலவு பண்ணி வந்து எறும்பையா பாக்குறது? அத நம்ம வீட்டு வாசல்லயே பாக்கலாமே" என்றார் தகப்பனார்.

"வீட்டு வாசல்ல உக்காந்து பாக்க நீங்க எப்பங்க அவன் கூட இருந்தீங்க?" என்றார் மனைவி. கோபமாகச் சொல்லவில்லை. பால் புட்டியைக் குலுக்கிக்கொண்டே சொன்னார்.

அவர் சொன்னது நியாயம். அந்த மனிதர் காலையில் பிள்ளைகள் விழிக்குமுன் வேலைக்குப் போகிறார். நீண்ட கழியைத் தூக்கிச் செம்பனைக் குலைகளை வெட்டித் தள்ளிவிட்டு வீடு திரும்பும்போது அவருடைய தோளும் கழுத்தும் கல்லாகியிருக்கும். சாப்பிட்டுச் சாய்ந்தால் எழுந்திருக்க மாட்டார். பிள்ளைமேல் பாசம் இல்லாதவர் அல்லர். பிள்ளையோடு இருக்கத் தெம்பு மிச்சமில்லாதவர். நம் தோட்டங்களில் எத்தனையோ தகப்பன்மார்கள் இப்படித்தான்.

அவர் பதில் பேசவில்லை. தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துவிட்டுப் பையன் பக்கத்தில் தாமும் குந்திக்கொண்டார். சிறிது நேரத்தில் செம்பனைப் பூவில் வந்து உட்காரும் சின்ன வண்டைப்பற்றி மகனுக்குச் சொல்ல ஆரம்பித்தார். அந்த வண்டு வந்தால்தான் குலையில் நன்றாகக் காய் பிடிக்கும் என்று அவர் விளக்கியதை நானும் நின்று கேட்டேன். 1981-இல் ஆப்பிரிக்காவிலிருந்து அந்த வண்டைக் கொண்டுவந்து நம் நாட்டுச் செம்பனைத் தோட்டங்களில் விட்டார்கள் என்பது நான் படித்த செய்தி. அவர் அதை மரத்திலேயே பார்த்தவர். மகன் வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தான்.

சிறு பிள்ளைகளோடு ஊர் பார்க்கப் போகிறவர்கள் அறிய வேண்டியது இது. குடும்பத்தில் யாருடைய கால் மிகச் சிறியதோ, அந்தக் காலின் வேகந்தான் அன்றைய வேகம். ஐந்து இடம் போடாதீர்கள், இரண்டு போதும். ஐந்தையும் ஓடி ஓடிப் பார்த்தால் பிள்ளை அழும், தாய் களைப்பாள், தகப்பன் எரிந்து விழுவார். வீட்டுக்குக் கொண்டுவருவது அந்த எரிச்சலைத்தான்.

அடுப்படியும் கூடவே வந்தது

பதினொரு மணிக்குப் பையன் பசிக்கிறது என்றான். புல்தரையில் பாய் விரித்தோம். தாய் சோறு பிரித்தார், முட்டை உரித்தார், பையனுக்கு ஊட்டினார், கடைக்குட்டிக்குத் துணி மாற்றினார், மகளின் சட்டையில் கொட்டிய மைலோவைத் துடைத்தார். எல்லாரும் சாப்பிட்டு முடித்தபோது அவர் இன்னும் கையைக்கூட நனைக்கவில்லை.

"ஊர் பாக்க வந்தாலும் அடுப்படி என் கூடவே வந்திருச்சு டீச்சர்" என்று சிரித்தார்.

சிரிப்போடு சொன்னாலும் அந்த வார்த்தை அவர் கணவரின் காதில் விழுந்தது. அவர் எழுந்து கடைக்குட்டியை வாங்கிக்கொண்டார். பிள்ளை சிணுங்கியது, தோளில் போட்டுத் தட்டிக்கொண்டு ஏரிக்கரையில் நடந்தார். பெரியவளும் பையனும் அவர் பின்னால் போனார்கள். தண்ணீர் ஓரம் போகக்கூடாது என்று அவர் அதட்டுவது எங்களுக்குக் கேட்டது. அடுத்த முக்கால் மணி நேரம் அந்தப் பெண் நிதானமாகச் சாப்பிட்டு, மரத்தில் சாய்ந்து ஏரியைப் பார்த்தபடி இருந்தார். நான் பேச்சுக் கொடுக்கவில்லை. பல மாதங்களாக அவருக்குக் கிடைக்காத முக்கால் மணி நேரம் அது.

தாய்க்கு ஓய்வில்லாத சுற்றுலாவைக் குடும்பச் சுற்றுலா என்று சொல்வது பொருந்தாது. முதல் நாளே கணவனும் மனைவியும் பேசி வேலையைப் பிரித்துக்கொள்ளலாம். பையைச் சுமப்பது, துணி மாற்றுவது, கழிவறைக்கு அழைத்துப் போவது ஆகியவை தகப்பனாலும் முடிகிற காரியங்கள்தாம். சோற்றை எளிமையாக வைத்துக்கொள்ளலாம். ஒரு வேளை ரொட்டி சானாய் வாங்கிப் பசியாறினால் யாரும் குறைந்துபோக மாட்டார்கள்.

நீர்யானையும் மழையும்

பிற்பகலில் பூங்காவை ஒட்டிய மிருகக்காட்சி சாலைக்குப் போனோம். 1961-இல் தொடங்கப்பட்டது. 2003 முதல் இரவிலும் விலங்குகளைப் பார்க்க ஏற்பாடு உண்டு; ஆனால் கைப்பிள்ளை உள்ளவர்களுக்குப் பகல்தான் நல்லது. இங்குக் கட்டணம் உண்டு. மர நிழல் நிறைய இருப்பதால் பிள்ளைகள் வெயிலில் வாட மாட்டார்கள்.

மூத்தவளுக்குப் பிடித்தது தாப்பிர். முன்பக்கமும் பின்பக்கமும் கறுப்பு, நடுவில் வெள்ளை. அதன் குட்டி பிறக்கும்போது உடம்பெல்லாம் கோடும் புள்ளியுமாக இருக்கும் என்றதும் நம்ப மறுத்தாள். நம் நாட்டுக் காடுகளில் வாழும் விலங்கு. செம்பனைக் காட்டோரம் சில சமயம் வந்துவிடுகிறது என்று அவள் தகப்பனார் சொன்ன பிறகே நம்பினாள். பையன் நீர்யானையிடமிருந்து நகரவே இல்லை. அது ஒருமுறை வாயைத் திறந்ததைத் திரும்பும் வழியெல்லாம் செய்துகாட்டிக்கொண்டு வந்தான்.

மூன்று மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. தைப்பிங்கில் மழைக்குப் பஞ்சமில்லை. மலாக்கா நீரிணையிலிருந்து வரும் ஈரக்காற்று ஊருக்குப் பின்னால் இருக்கும் மலையில் மோதி மேலெழுந்து மழையாகக் கொட்டுகிறது. ஆண்டுக்கு ஏறக்குறைய 4,000 மில்லிமீட்டர். தீபகற்ப மலேசியாவிலேயே அதிக மழை பெய்யும் ஊர் இது. ஆகவே முக்கியமானதைக் காலையிலேயே பார்த்துவிடுங்கள். குடையை வீட்டில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். மழைக்கு ஒதுங்க இந்த ஊரில் நாட்டின் மிகப் பழைய அரும்பொருளகமும் இருக்கிறது; 1883-இல் நிறுவப்பட்டது. திறந்திருக்கிறதா என்று முன்னதாகக் கேட்டுக்கொண்டு போவது நல்லது.

நாங்கள் அங்கே போகவில்லை, பிள்ளைகள் களைத்துவிட்டார்கள். தாளில் இருந்த ஐந்து இடங்களில் இரண்டைப் பார்த்துவிட்டு ரயில் ஏறினோம். குகைக்குள் ரயில் நுழைந்தபோது பையன் தகப்பன் மடியில் உறங்கிக்கொண்டிருந்தான்.

நான்கு மொழிப் பெயர்ப்பலகை

மிச்சமிருந்த இடங்களில் ஒன்றுக்கு அடுத்த பள்ளி விடுமுறையில் போனோம். இந்த முறை இரண்டு குடும்பங்கள் சேர்ந்து ஒரு வேனை வாடகைக்குப் பிடித்ததால் செலவு பாதியானது. போன இடம் கோலா செபெத்தாங். தைப்பிங்கிலிருந்து கடலை நோக்கிப் போனால் வரும் மீனவர் ஊர்.

இந்த நாட்டின் முதல் ரயில் பாதை தைப்பிங்கிலிருந்து இந்த ஊருக்குத்தான் போடப்பட்டது. 1885 ஜூன் 1-ஆம் தேதி ஓடத் தொடங்கியது. நீளம் ஏறக்குறைய 13 கிலோமீட்டர். தைப்பிங் ஈயத்தைத் துறைமுகத்துக்குக் கொண்டுபோவதற்காகப் போட்ட பாதை. அன்று இந்த ஊருக்குப் போர்ட் வெல்ட் என்று பெயர். இலங்கையிலிருந்து வந்த தொழிலாளர்களும் அந்தப் பாதையை அமைப்பதில் பாடுபட்டார்கள். பிற்காலத்தில் தண்டவாளத்தை அகற்றிவிட்டார்கள். எஞ்சியிருப்பவை பழைய டிக்கெட் அறையும் பெயர்ப்பலகையுந்தான்.

அந்தப் பலகையில் ஊர்ப்பெயர் ஆங்கிலம், ஜாவி, சீனம், தமிழ் ஆகிய நான்கு மொழிகளில் எழுதப்பட்டிருக்கிறது. என் மாணவி தூரத்திலிருந்தே பார்த்துவிட்டாள். ஓடிப்போய் எழுத்துக் கூட்டி உரக்கப் படித்தாள். தம்பி அவள் சொன்னதைத் திருப்பிச் சொன்னான்.

"நம்ம எழுத்து இங்க எப்படி டீச்சர் வந்துச்சு?" என்று தகப்பனார் கேட்டார்.

"பாதை போட்டவர்களிலும் பிறகு ரயிலில் வேலை பார்த்தவர்களிலும் நம்மவர்கள் நிறையப் பேர். அவர்கள் படிக்க வேண்டும் என்றுதான் எழுதியிருக்கிறார்கள்" என்றேன். அவர் பலகை அருகே பிள்ளைகளை நிறுத்திக் கைப்பேசியில் படம் பிடித்தார். ஒன்றுக்கு நான்காகப் பிடித்தார்.

அந்த ஊரைச் சுற்றியிருப்பது மாத்தாங் சதுப்புநிலக் காடு. ஏறக்குறைய 40,000 ஹெக்டர். 1902-லிருந்து ஒழுங்காகப் பராமரிக்கப்படுகிறது. ஒரு பகுதியில் பாக்காவ் மரத்தை வெட்டினால் அங்கே மீண்டும் கன்று நட்டு, ஏறக்குறைய 30 ஆண்டுகள் வளரவிட்டுப் பிறகே வெட்டுகிறார்கள். மறுநடவு என்றால் என்னவென்று நம் தோட்டத்து மக்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. வெட்டிய மரத்தைக் குவிந்த கூரையுள்ள செங்கல் சூளைகளில் அடுக்கிக் கரியாக்குகிறார்கள். காட்டுக்குள் மரப்பலகை நடைபாதை உண்டு. சேற்றில் தாவும் மீன்களைப் பிள்ளைகள் மணிக்கணக்கில் பார்ப்பார்கள். மழை பெய்தால் பலகை வழுக்கும், கொசுவும் அதிகம். கைப்பிள்ளைக்கு நீளக்கைச் சட்டை போட்டு அழைத்துப் போங்கள்.

பெற்றோர்களுக்கு

தோட்டங்களில் இன்று நம்மவர்கள் எண்ணிக்கை குறைந்துவிட்டது. இருப்பவர்களும் பிள்ளைகள் படித்து வெளியே போகட்டும் என்றுதான் மாடாய் உழைக்கிறார்கள். வெளியே போகப்போகும் பிள்ளைக்கு வெளியுலகம் எப்படி இருக்கும் என்பதைப் பெற்றோர் கையைப் பிடித்துக்கொண்டே பார்க்கக் கொடுத்துவைக்க வேண்டும். தூரதேசம் தேவையில்லை. ஜொகூரில் இருப்பவர்களுக்கும் கெடாவில் இருப்பவர்களுக்கும் பக்கத்திலேயே ஒரு பூங்கா, ஒரு கடற்கரை, ஒரு பழைய ரயில் நிலையம் இருக்கும்.

மாதம் சிறிது பணத்தை ஒரு தகர டின்னில் போட்டு வையுங்கள். ஆண்டுக்கு இரண்டு நாள் ஒதுக்குங்கள். இரண்டு இடத்துக்கு மேல் திட்டம் போடாதீர்கள். குடை, மாற்றுத் துணி, கோடாலித் தைலம் மறக்க வேண்டாம். கழிவறைக்குச் சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். ஐயாமார்களே, ஒரு பையை மட்டுமல்ல, ஒரு பிள்ளையையும் நீங்கள் தூக்கிக்கொள்ளுங்கள். வருகிற விடுமுறைக்கு டிக்கெட் எடுக்க இப்போதே விசாரிக்கத் தொடங்கலாம்.